கையெழுத்துப் போடுவது யார்?

பெண் யாரையோ காதலிக்கிறாள். பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பெரியவர் வீட்டைத் தங்கைக்கு எழுதி வைக்கப் போகிறேன் என்கிறார். உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "ஒரு மாசம் ஆஸ்பத்திரியில போடுங்க, தானா சரியாயிடும்!"

சினிமா வசனம் என்று நினைக்காதீர்கள். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இசை ஆசிரியர் வீட்டில் இருந்த வயது வந்த பெண்ணை, பெற்றோர் போலீஸ், ஆம்புலன்ஸ் சகிதம் போய்த் தூக்கிவந்து மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். செய்தது சட்டவிரோதம் என்றது கோர்ட். பாசத்தில் செய்தார்களா, கோபத்திலா என்பது எனக்கு முக்கியமில்லை. பெற்றோர் என்ற ஒரே தகுதி போதும் என்று போலீஸும் ஆஸ்பத்திரியும் முடிவு செய்தன பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

1987 சட்டத்தில் உறவினரோ நண்பரோ மனு கொடுத்து, இரண்டு டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் 90 நாள் வரை உள்ளே வைக்கலாம். 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைக் கொஞ்சம் இறுக்கியது. முதலில் 30 நாள்தான். ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளில் தகவல் போகவேண்டும். பெண் என்றால் மூன்றே நாளில். சமூகத்தின் ஒழுக்க விதிக்கு அடங்கவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ரொம்ப சரி.

ஆனால், மனு கொடுப்பவர் யார்? 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி'. யாரையும் நியமிக்காவிட்டால்? உறவினர்! சுற்றிச் சுற்றி அதே சித்தப்பா, அதே மைத்துனர்.

நான் காமர்ஸ் படித்தவன். ஐந்நூறு ரூபாய் வவுச்சரைக்கூட எழுதியவரே பாஸ் பண்ண முடியாது. ஒரு மனிதரைப் பூட்டி வைக்கும் மனுவில் மட்டும், அவர் உள்ளே போனால் லாபமடையப் போகிறவரே கையெழுத்துப் போடலாமாம்.

"குடும்பம் இல்லாவிட்டால் யார் சார் பார்ப்பாங்க?" என்று கேட்பீர்கள். நியாயம். வருஷக்கணக்கில் ராத்தூக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் அவர்களைத் தனியாகத் தவிக்கவிட்டிருக்கிறது. ஆனால் 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டதும் குடும்பம்தானே?

எல்.ஐ.சி.க்கு நாமினி எழுதுகிறோம், பி.எஃப்.புக்கு எழுதுகிறோம். நம் உடம்புக்கும் சுதந்திரத்துக்கும் எழுதுவதில்லை. இதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் பெயரை மாற்றலாம். இலவச வக்கீல் கேட்கும் உரிமையும் உண்டு. உள்ளே போகிறவரிடம் இதையெல்லாம் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் மைத்துனர் நிற்காமல்.

இன்னொன்றும் செய்யலாம். உறவினர் தரும் மனுவோடு ஒரு உறுதிமொழி வாங்குங்கள்: இவரோடு எனக்குச் சொத்துத் தகராறோ, விவாகரத்து வழக்கோ, குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டையோ இல்லை என்று. இருந்தால் அதையும் எழுதட்டும். எழுதியவரை மாற்றிவிட்டு வேறொருவரைப் போட வாரியத்துக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது.