அலைக்கற்றைக்குக் காவலர் எங்கே?

1982 மே 4. ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே, தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் போர்க்கப்பல் ஷெஃபீல்டு காவலில் இருந்தது. எதிரி விமானத்தின் ரேடார் அலை மேலே பட்டால் உடனே எச்சரிக்கும் கருவி அந்தக் கப்பலில் உண்டு. அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எத்தந்தார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து, சில நொடிகள் ரேடாரை இயக்கிக் குறி பார்த்தன. பக்கத்தில் இருந்த கிளாஸ்கோ கப்பல் அதைக் கண்டுபிடித்து எல்லோரையும் எச்சரித்தது. ஷெஃபீல்டின் கருவியோ எதையும் உணரவில்லை. அந்த நேரத்தில் ஷெஃபீல்டு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. தன் சொந்த ஒலிபரப்பே தன் எச்சரிக்கைக் கருவியின் காதை அடைத்துவிட்டது. எக்சோசெட் ஏவுகணை கப்பலின் பக்கவாட்டில் பாய்ந்தது. 20 பேர் இறந்தார்கள். கட்டி இழுத்துச் செல்லும் வழியில் மே 10 அன்று கப்பல் மூழ்கிப்போனது.

வேறு தவறுகளும் நடந்தன என்பதை விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு குறையை ஆயுதம் வாங்கும் ஒவ்வொரு நாடும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஷெஃபீல்டில் இருந்த கருவிகள் தனித்தனியே நன்றாக வேலை செய்தவை. ஒன்றோடொன்று முட்டாமல் அவற்றை இயக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அந்த ஏற்பாட்டைச் செய்பவர்கள்தான் ராணுவத்தின் அலைக்கற்றை மேலாளர்களும் மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் பொறியாளர்களும். அணிவகுப்பில் அவர்களைப் பார்க்க முடியாது. பதக்கப் பட்டியலிலும் அவர்கள் பெயர் அரிதாகவே வரும். அலைக்கற்றை என்றாலே நமக்கு ஏலமும் இழப்புக் கணக்கும் நீதிமன்ற வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் வீரர்களின் உயிர் அதில்தான் தொங்குகிறது என்ற செய்தி பொதுவிவாதத்துக்கு வந்ததே இல்லை.

அவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு போர்முனையில் ரேடார், வாக்கிடாக்கி, ட்ரோன், ஏவுகணை வழிகாட்டி, ஜாமர் எல்லாம் ஒரே வெளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எதிரியின் தகவல் தொடர்பை முடக்க ஜாமரை இயக்க வேண்டும் என்கிறார் ஒரு அதிகாரி. அதே அலைவரிசையை ஒட்டுக்கேட்டுத்தான் எதிரியின் நகர்வை அறிந்துகொண்டிருக்கிறோம், தொடாதீர்கள் என்கிறது உளவுப்பிரிவு. இன்னொரு பக்கம், விமானிகள் ஆபத்தில் அழைக்கும் 121.5 மெகாஹெர்ட்சை எவரும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. நேட்டோ நாடுகளின் படைகளில் இதற்கென ஒரு பட்டியல் தயாராகிறது. எப்போதும் தொடக்கூடாதவை, நம்மவர் பயன்பாட்டுக்காகக் காக்க வேண்டியவை, எதிரியுடையதாக இருந்தாலும் உளவுக்காக விட்டுவைக்க வேண்டியவை என்று மூன்று வகை. போரின் போக்கு மாறமாற, நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி அதைத் திருத்த வேண்டும். ஒரு வரி தப்பினால் நம் ஜாமர் நம் விமானத்தையே ஊமையாக்கும்.

கப்பலில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. உப்புக்காற்றில் துருவேறிய ஒரு போல்ட், தளர்ந்து தொங்கும் ஒரு சங்கிலி, சரியாக இணைக்காத ஒரு கைப்பிடிக் கம்பி போதும். சக்திவாய்ந்த ஒலிபரப்பு அலைகள் அதில் பட்டால் அந்தத் துருவே புதிய அலைகளை உண்டாக்கி, பக்கத்தில் இருக்கும் ரிசீவரை இரைச்சலால் நிரப்பிவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பவர் மேல்தளத்தில் அங்குலம் அங்குலமாக நடக்கிறார். துருவைச் சுரண்டி, உலோகப் பட்டை வைத்து இணைத்துவிட்டு மறுபடி அளக்கிறார். குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் ஏற்றும்போது கவலை இன்னும் கூடும். வெடியைத் தூண்டும் மெல்லிய கம்பியில் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டால் குண்டு கையிலேயே வெடிக்கும். எந்த ஆண்டெனாவை எவ்வளவு நேரம் அணைத்துவைக்க வேண்டும் என்று அப்போது சொல்பவரும் இவர்தான்.

இந்த ஆட்களை வளர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. பனிப்போர் முடிந்த பிறகு அதன் தரைப்படை மின்னணுப் போர்முறையில் கவனத்தைக் குறைத்துக்கொண்டது. பிறகு ஈராக் போர் வந்தது. சாலையோரக் குண்டுகளை செல்போன் மூலமும் கேரேஜ் கதவைத் திறக்கும் ரிமோட் மூலமும் வெடிக்கவைத்தார்கள். அவசரமாக ஆயிரக்கணக்கில் ஜாமர்களை வாங்கி வண்டிகளில் பொருத்தினார்கள். அந்த ஜாமர்கள் குண்டுகளின் சிக்னலோடு, வண்டியில் இருந்த வீரர்களின் ரேடியோவையும் அடைத்தன. உதவிக்கு அழைக்க வேண்டுமானால் ஜாமரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குண்டு வெடிக்கலாம். இந்த முடிச்சை அவிழ்க்கத் தரைப்படையிடம் ஆள் இல்லை. 2006-இல் கடற்படையிலிருந்து மின்னணுப் போர் வல்லுநர்களை நூற்றுக்கணக்கில் வரவழைத்துத் தரைப்படை அணிகளோடு பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். தரைப்படை தனக்கென்று தனியான மின்னணுப் போர்ப் பணிப்பிரிவை உருவாக்கியது 2009-இல். அதற்குள் போர் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. உலகிலேயே மிகப்பெரிய ராணுவ பட்ஜெட் கொண்ட நாட்டின் நிலை இது.

உக்ரைன் போர் இதை வேறொரு அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. உக்ரைன் மாதம் சுமார் 10,000 ட்ரோன்களை இழக்கிறது என்று 2023-இல் பிரிட்டனின் ருசி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ரஷ்ய ஜாமர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜி.பி.எஸ். வழிகாட்டும் அமெரிக்க எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகள் குறி தவறத் தொடங்கின. இரு தரப்பிலும் தங்கள் ஜாமரே தங்கள் ட்ரோனை வீழ்த்தியிருக்கிறது. கடைசியில், ரேடியோ அலையே வேண்டாம் என்று கிலோமீட்டர் கணக்கில் மெல்லிய ஒளியிழையை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்களை இறக்கியிருக்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

2025 மே 8 இரவு, மேற்கு எல்லையில் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்களை பாகிஸ்தான் அனுப்பியதாக நம் அரசு அறிவித்தது. சுட்டும், ஜாமர்களால் முடக்கியும் பலவற்றை வீழ்த்தினோம். பெருமைப்பட வேண்டிய செயல்தான். அந்த இரவு எத்தனை ரேடார்கள், எத்தனை ஜாமர்கள், எத்தனை ரேடியோக்கள் ஒரே நேரத்தில் இயங்கியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 32 விமான நிலையங்களைப் பயணிகள் போக்குவரத்துக்கு மூடிவைத்திருந்தோம். அடுத்த முறை மோதல் சில நாட்களில் முடியாமல் வாரக்கணக்கில் நீண்டால், பயணிகள் விமானமும் செல்போன் கோபுரமும் போர்முனை ரேடாரும் ஒரே வானத்தில் ஒத்துப்போக வேண்டியிருக்கும். அதற்கான திட்டத்தை வரைய எத்தனை பேரைத் தயார் செய்திருக்கிறோம்?

போர் இல்லாத நாட்களிலேயே நிலைமை கலக்கம் தருகிறது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் மட்டும் 465 ஜி.பி.எஸ். குறுக்கீடுகள் பதிவாகியிருப்பதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்துக்கே அது வந்துவிட்டது. தரையிறங்க வந்த விமானங்களின் கருவிகள் போலி சிக்னலை நம்பித் தவறான இடத்தைக் காட்டின. குறுக்கீடு நடந்ததாகப் புகார் வந்த விமான நிலையங்களின் பட்டியலில் சென்னையும் இருக்கிறது. இப்படி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் தெரிவியுங்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. தெரிவித்த பிறகு, அந்த அலை எங்கிருந்து வருகிறது என்று திசை பார்த்து, அளந்து, ஆளைப் பிடிக்க வேண்டுமே. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் தரைக்கு வரும்போது மிக மிக மெலிந்துபோய்விடுகிறது. கைக்கு அடக்கமான ஒரு கருவியே அதை அழுத்திவிடப் போதும். ஆகவே இந்த வேட்டைக்குப் பயிற்சி பெற்ற கண்ணும் காதும் வேண்டும்.

அலைக்கற்றையை விற்பதில் நாம் காட்டும் வேகத்தைக் காப்பதில் காட்டவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு. 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விலைபோனது. அக்டோபர் 1 அன்று சேவை தொடங்கியது. விமானத்தின் உயரத்தை அளக்கும் ரேடியோ கருவியை 5ஜி அலை பாதிக்கக்கூடும், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டர் வரை அந்தக் கோபுரங்கள் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கடிதம் எழுதியது நவம்பர் கடைசியில். முதலில் விற்பனை, பிறகு சேவை, அதற்கும் பிறகு பாதுகாப்பு. இந்த வரிசை தலைகீழானது.

செல்போன் சேவைகளுக்காகப் படைகள் தம் அலைவரிசையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அவற்றுக்குத் தனி ஒளியிழை வலையமைப்பு கட்டித்தரப்படுகிறது. 2012-இல் 13,334 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த திட்டம், 2018-இல் 24,664 கோடியானது. தேவையான திட்டம்தான், பாசறைக்கும் தலைமையகத்துக்கும் அது போதும். ஓடும் டாங்கியும் கடலில் போகும் கப்பலும் பறக்கும் போர் விமானமும் ஒளியிழையைக் கட்டிக்கொண்டு போக முடியாது. அவற்றுக்கு வானலைதான் கதி. விட்டுக்கொடுத்த ஒவ்வொரு மெகாஹெர்ட்சுக்கும் பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் நெரிசல் கூடுகிறது. நெரிசல் கூடக்கூட, அதை ஒழுங்கு செய்பவரின் திறமை முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது.

அந்தத் திறமை ஓர் அதிகாரிக்கு எப்படி வரும்? நம் படைகளில் அலைக்கற்றை மேலாண்மை என்பது சிக்னல்ஸ் பிரிவினரின் பல பணிகளில் ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் இடமாற்றம் வந்துவிடும். ஒரு எல்லைப் பகுதியின் அலைகளைப் படித்து, எந்த மலைமுகட்டில் எந்தச் சிக்னல் எகிறி வருகிறது என்று மனதில் பதிந்து, பக்கத்துப் படைப்பிரிவோடும் தொலைத்தொடர்புத் துறையோடும் பேசிப் பழகும் நேரத்தில் அவர் வேறு பதவிக்குப் போய்விடுகிறார். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது ஆயுட்காலத் தொழிலாக இருக்க வேண்டிய ஒன்று. மயக்க மருந்து நிபுணரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி அமர்த்தும் மருத்துவமனையில் யாராவது அறுவை சிகிச்சைக்குப் படுப்பார்களா?

கருவி வாங்கும் முறையிலும் இதே அலட்சியம் தெரிகிறது. அமெரிக்கப் படைகள் ஒரு ரேடியோ சாதனத்தை உருவாக்கும்போதே டி.டி. 1494 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி, எந்த நாட்டில் பயன்படும், பக்கத்துக் கருவிகளைப் பாதிக்குமா என்று அதில் கேட்கிறார்கள். நம் ஊரில் ட்ரோன் செய்யும் இளம் நிறுவனங்கள் பலவும், குறுக்கீட்டுச் சோதனையைக் கடைசிக் கட்டத்தில் தாண்ட வேண்டிய ஒரு தடையாகவே நினைக்கின்றன. சோதனைக் கூடத்தின் நுரைக்கூம்புச் சுவர்களுக்கு நடுவே கருவியை வைத்த பிறகுதான், மோட்டாரின் இரைச்சல் ரிசீவரை மூடுவது தெரியவரும். அப்போது போர்டையே மாற்ற வேண்டும். பணமும் நேரமும் போன பிறகு, எப்படியாவது சான்றிதழ் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் தலைதூக்கும். எல்லையில் அந்த ட்ரோனை இயக்கும் ஜவானுக்கு இதெல்லாம் தெரியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் பல ஆண்டுகளாக இந்தச் சோதனைகளைச் செய்துவருகிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புகிறது. மின்னணுப் போர்க் கருவிகளுக்கான சோதனை மையம் ஒன்றை பாரத் எலக்ட்ரானிக்ஸ் தலைமையில் நம் மாநிலத்தில் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருக்கிறது. கட்டடமும் கருவியும் வரும். இயக்குபவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மின்னணுப் பொறியாளர்களை வெளியே அனுப்பும் நம் கல்லூரிகளில் மின்காந்தக் குறுக்கீடு ஒரு விருப்பப்பாடம். ஆய்வகத்தில் கை வைத்துக் கற்கும் வாய்ப்பு சிலருக்கே.

முப்படைகளுக்கும் பொதுவான அலைக்கற்றை மேலாண்மைப் பணிப்பிரிவு ஒன்றை மத்திய அரசு உடனே உருவாக்க வேண்டும். அதில் சேர்பவர் பதவி உயர்வுக்காக அதைவிட்டு ஓட வேண்டிய நிலை இருக்கக்கூடாது. படைகளில் பயன்பட்டுக்கொண்டிருக்கும் எந்த அலைவரிசையையும், குறுக்கீட்டு ஆய்வு முடிந்து பாதுகாப்பு அமைச்சகம் எழுத்தில் ஒப்பாமல் ஏலத்துக்கு எடுத்துவரக் கூடாது. எந்தக் கருவிக்கும், அது நம்முடைய மற்றக் கருவிகளோடு ஒத்து இயங்கும் என்ற சான்று கிடைத்த பிறகே கொள்முதல் ஆணை தர வேண்டும். தமிழக அரசும் தன் பங்குக்கு, பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு ஆள் தயாரிக்கும் முதுகலைப் படிப்பு ஒன்றை தரமணி மையத்தோடு சேர்ந்து தொடங்கலாம். நிலம் ஒதுக்குவதைவிட அது அவசரம்.

465 சம்பவங்களின் கணக்கை அரசே சபையில் வைத்திருக்கிறது. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, வரும் கூட்டத்தொடரிலேயே இதைத் தனிப் பொருளாக எடுத்து விசாரிக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.