ஹேஷுக்கு எதற்கு வெளி லைப்ரரி?

"ஹேஷ் போட வெளியிலிருந்து லைப்ரரி எதற்கு? நூறு வரிதானே, நாமே எழுதிவிடலாம்." மென்பொருள் எழுதுவோரிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு. நூறு வரி என்பது மெய்தான். தரவை ஒரு குறித்த நீள எண்ணாகச் சுருக்கும் ஷா-256 ஹேஷ் முறையின் விதிமுறை 2002 முதல் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. கூட்டலும் பிட் கணக்குகளுமாக 64 சுற்று, அவ்வளவே. வில்லங்கம் விளிம்பில் இருக்கிறது.

மீனவர் பதிவேட்டில் 'ஆலந்தலை' என்று ஊர்ப்பெயர் வருகிறது என்று வையுங்கள். கண்ணுக்கு 5 எழுத்து. ஜாவாவிடம் நீளம் கேட்டால் 7 என்னும். யூடிஎஃப்-8 வடிவில் 21 பைட். ஷா-256 செய்தியின் நீளத்தையும் பிட் கணக்கில் கடைசியில் சேர்த்தே கணக்கிடும். அங்கே 21 பைட்டுக்குப் பதில் 7 பைட் என்று எடுத்தவரின் நிரல் ஆங்கிலச் சோதனைகளில் எல்லாம் தேறும், தமிழில் கவிழும். செய்தி 55 பைட்டைத் தாண்டினால் நிரப்பலுக்கு இன்னொரு கட்டம் தேவை; கைச்சரக்கு தடுக்கி விழும் இன்னொரு இடம் அது.

"நம் கணினியில் ஒரே மாதிரி வந்தால் போதாதா?" போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் தன் கணினியில் போட்டுப் பார்ப்பார். வேறு எண் வந்தால் உண்மையான வீடியோவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஊருக்கெல்லாம் ஒரே விடை வருவதால்தான் ஹேஷுக்கு மதிப்பு.

"லைப்ரரியிலும் ஓட்டை இருக்குமே, ஹார்ட்பிளீட் மறந்துபோச்சா?" 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வெளிப்பட்ட அந்த ஓட்டை டிஎல்எஸ் இணைப்புப் பகுதியில் இருந்தது, ஹேஷில் அல்ல. இதைவிட வலுவான சாட்சியை நானே தருகிறேன். இன்னொரு ஹேஷ் முறையான ஷா-3-ஐ வடிவமைத்தவர்களின் சொந்த நிரலில் 2011 முதல் இருந்த நினைவகப் பிழை 2022-இல்தான் வெளிப்பட்டது. பைத்தானும் பிஎச்பியும் அதைச் சுமந்திருந்தன. வடிவமைத்தவர் கண்ணுக்கே தப்பியது நம் கண்ணில் படுமா? அவர்கள் நிரலை ஒருவர் தோண்டிப் பார்த்தார், திருத்தம் எல்லோருக்கும் வந்தது. நம்முடையதை யார் தோண்டப் போகிறார்?

லைப்ரரியால் மென்பொருள் கனத்துவிடும் என்ற வாதமும் நிற்காது. பைத்தான், ஜாவா, கோ எல்லாவற்றிலும் ஷா-256 மொழியோடேயே வருகிறது.

லைப்ரரி காப்பாற்றாத இடமும் உண்டு. 'கொற்கை'யின் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹேஷ் வேறாகிவிடும். முன்கூட்டியே யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு. கடவுச்சொல்லுக்கு வெறும் ஷா-256 ஆகாது, அது மிக வேகமானது. அதற்கு ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட். அதையும் லைப்ரரியிலிருந்தே எடுங்கள்.