புத்தகசாலை பின்தங்கியதா? பின்தள்ளப்பட்டதா?

நம் நாட்டில் இப்போது ஒரு புதிய சாஸ்திரம் கிளம்பியிருக்கின்றது. தனி முதலாளியின் வியாபாரமானால் புதுச் சாதனங்கள் தாமாகவே வந்து சேருமாம். பொது ஜனங்களின் புத்தகசாலையானால் அது என்றைக்கும் பேரேடும் பேனாவுமாய்ப் பின்தங்கியே கிடக்குமாம். இது அதனதன் பிறவிக் குணமாம். பிறவியிலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று சொல்லி வந்தவர்களின் புத்திக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

பிறவிக் குணம் என்பது உண்மையானால், கீழ்க்கண்ட சங்கதிகளுக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கல்லூரிகள் 1967-ம் வருஷத்தில் ஒன்றுகூடி, லாப நோக்கமில்லாத ஒரு புத்தகசாலைக் கூட்டு ஸ்தாபனம் ஏற்படுத்தின. 1971-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒஹையோ சர்வகலாசாலைப் புத்தகசாலை அந்த ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டரோடு இணைந்து அட்டவணை வேலையைத் துவக்கிற்று. ஒரு புத்தகசாலை ஒரு தடவை எழுதி வைத்த விவரத்தை மற்றவை மறுபடியும் எழுத வேண்டியதில்லை என்றாயிற்று. அதே மாகாணத்தில் டிராய் என்னும் ஊரின் ஒரு பெரிய கடையில், சாமானின்மேல் அச்சிட்ட கோட்டுக் குறியைக் கருவி முதன்முதலாகப் படித்து ஒரு சூயிங்கம் பொட்டலத்தை விற்றது 1974-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதிதான். அதாவது, புத்தகசாலைக்காரர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து மூன்று வருஷங்கள் ஆகப்போகிற சமயத்தில்தான் கடைக்காரருக்கு அந்தக் கருவி வந்தது!

அதற்கும் முன்னால், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே, ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை என்று எழுதிப் பெட்டியில் வரிசையாய் அடுக்கும் முறை புத்தகசாலைகளில்தான் பக்குவமாயிற்று. பாங்குகளும் கம்பெனிகளும் தங்கள் பேரேட்டை விட்டு அந்த அட்டைக்கு மாறியது பிறகுதான். இதில் யார் குரு? யார் சிஷ்யன்?

ஆகவே, பணமும் பொறுப்பும் கொடுத்த இடத்தில் புத்தகசாலை முன்னால் சென்றிருக்கின்றது. கொடுக்காத இடத்தில் பின்னால் நிற்கின்றது. இதில் விதி எங்கேயிருந்து வந்தது?

இனி, முதலாளியின் வேகத்தைப் பற்றியும் சற்று யோசிப்போம். அவர் இயந்திரம் வாங்குவது லாபத்துக்காக. வாங்கிய செலவையும் சாமான் விலையிலேயே ஏற்றி விடுகின்றார். லாபம் இல்லாத ஊரில் அவரது வேகமும் இல்லை. அதுமாத்திரமல்ல, தம் லாபம் குறையும் என்று தோன்றினால் புதுச் சாதனத்துக்கே பூட்டுப் போடவும் அவர் தயங்குவதில்லை. 2011-ம் வருஷத்தில் ஹார்ப்பர்காலின்ஸ் என்னும் பெரிய புத்தகக் கம்பெனி, புத்தகசாலைகளுக்குக் கொடுக்கும் தன் மின்புத்தகம் ஒவ்வொன்றும் 26 தடவை இரவல் போனவுடன் காலாவதியாகி விடும், மேலும் வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும் என்று விதி செய்தது. காகிதம் இல்லை, அட்டை இல்லை, கிழிவதற்கு ஒன்றுமே இல்லை. கிழியாத புத்தகத்தைக் கிழிந்ததாகக் கணக்கெழுதச் சொல்லுவதுதானா முற்போக்கு?

நிற்க, நம் ஊர் யோக்கியதையைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் 1948-ம் வருஷத்திலேயே பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. அந்தச் சட்டப்படி இன்று நம் ஜனங்கள் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகின்றார்கள். இது யாரும் இடும் பிச்சையல்ல, முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் வசூலித்த வரியை ஸ்தல ஸ்தாபனங்கள் நூலகங்களுக்கு ஒப்படைக்காமல் பாக்கி வைப்பதாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கின்றது. தன் கல்லாப்பெட்டிப் பணத்தை இன்னொருவர் இப்படிப் பிடித்து வைத்தால் எந்தக் கடைக்காரர் புதுச் சாதனம் வாங்குவார்? வாயைக் கட்டிப் பட்டினி போட்டு விட்டு, “பார், இவன் ஓடமாட்டேன் என்கிறான்” என்பது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!

2010-ம் வருஷத்தில் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் நவீன வசதிகளுடன் திறக்கப்பட்டது. மறு வருஷமே அதை ஆஸ்பத்திரியாக்கப் போவதாகச் சர்க்கார் அறிவித்து, ஹைகோர்ட்டு தடுக்க வேண்டியதாயிற்று. 2023-ல் மதுரையிலும் ஒரு பெரிய நூலகம் வந்தது, சந்தோஷந்தான். ஆனால் பட்டணத்துக்கு மாளிகை, கிராமத்துக்குப் பழைய பேரேடு என்றால் நியாயமாகுமா? கையில் காசுள்ளவன் வேண்டிய புத்தகத்தை வீட்டிலிருந்தே தருவித்துக் கொள்ளுகின்றான். ஊர்ப்புற நூலகத்தை விட்டால் கூலிக்காரன் பிள்ளைக்குப் போக்கிடம் ஏது?

புத்தகசாலை அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வந்த கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி, வருஷம் ஒரு முறை சந்தனம் குங்குமம் வைத்தால் அது அறிவு கொடுத்துவிடாது. வாசகன் கை அதன்மேல் பட வேண்டும்.

ஆதலால் தோழர்களே! உங்கள் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, நூலகத்துக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். வரும் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். புத்தகசாலை பின்தங்கியதா, பின்தள்ளப்பட்டதா என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.