'நம்ம ஊவே': கூப்பிட்டும் போகாத ஒருத்தர்

போன வாரம் நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்துக் கொண்டிருந்தோம். ஆட்டம் சுமார் ரகம்தான். ஆனால் பழைய கிளப்பை விட்டுப் போன ஒரு ஆட்டக்காரர் காலில் பந்து வரும்போதெல்லாம் மைதானமே "ஊ... ஊ..." என்று கத்திக் கொண்டிருந்தது. நண்பர் முறுக்கைக் கடித்தபடியே ஒரு தத்துவத்தை உதிர்த்தார்.

"ஒரே இடத்துல இருக்கறவன விசுவாசின்னு சொல்றதெல்லாம் சும்மா பாஸ். அவன வேற எவனும் கூப்பிடலன்னு அர்த்தம். கூப்பிட்டா எல்லாரும் போவான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அவர் இதுவரை நாலு கம்பெனி மாறியவர். நான் பதிமூன்று வருஷமாக ஒரே கம்பெனியில், ஒரே மாடியில், ஏறக்குறைய ஒரே நாற்காலியில் இருப்பவன். யாரைச் சொன்னார் என்று தெரியாதா என்ன :-)

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது (நமக்கு எப்பவுமே அப்படித்தானே!). அந்தப் பதிலின் பெயர் ஊவே ஸேலர்.

ஜெர்மனி ஃபுட்பால் என்றால் நம்மில் பலருக்கு பெக்கன்பவர், கெர்ட் முல்லர், அப்புறம் மத்தேயஸ், கிளின்ஸ்மன் என்றுதான் பட்டியல் ஓடும். ஸேலர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். 1936-ல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். அப்பா துறைமுகத் தொழிலாளி, கூடவே ஹாம்பர்க் எஸ்.வி. கிளப்பின் ஆட்டக்காரர். அண்ணனும் அதே கிளப். போரில் இடிந்து கிடந்த ஊரில், 1946-ல், பத்து வயசுகூட முடியாத பையனாக அந்தக் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்தார் ஊவே. 1972-ல் ஓய்வு பெறும் வரை தேசிய அணிச் சட்டையைத் தவிர வேறு சட்டை போடவில்லை.

ஆள் கட்டை குட்டை. ஆனால் தன்னைவிட ஒரு முழம் உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் எகிறித் தலையால் கோல் அடிப்பார். 1960-ல் ஹாம்பர்க் ஜெர்மன் சாம்பியன் ஆனபோது, கொலோன் அணியை 3-2 என்று ஜெயித்த இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் இவருடையது. 1963-ல் புண்டஸ்லிகா தொடங்கியதும் முதல் சீசனிலேயே 30 கோல் அடித்து முதலிடம். புண்டஸ்லிகாவில் மொத்தம் 239 ஆட்டம், 137 கோல். நாட்டுக்காக 72 ஆட்டம், 43 கோல். 1958, 62, 66, 70 என்று நாலு உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர். அப்படி அடித்த முதல் இரண்டு பேர் இவரும் பெலேவும்தான்.

ஆக, "எவனும் கூப்பிடல" என்ற பேச்சு இவரிடம் எடுபடாது. கூப்பிட்டார்கள். எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் விஷயமே.

1961-ஐ நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் அப்போது நாடு முழுவதற்குமான ஒரே லீக் கிடையாது. வட்டார லீக்குகள்தான். ஆட்டக்காரர்களின் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதுவும் சில நூறு மார்க்குகள். பெரும்பாலானவர்கள் வேறு ஏதாவது வேலையும் பார்த்தால்தான் குடும்பம் ஓடும். அந்த வருஷம்தான் ஹாம்பர்க் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை போய், மூன்றாவதாக ஒரு ஆட்டம் வைத்துத் தீர்மானிக்க வேண்டிய அளவுக்கு பார்சிலோனாவைத் திணற வைத்துத் தோற்றது. ஐரோப்பா முழுக்க ஸேலர் பேச்சு.

அப்போதுதான் இன்டர் மிலான் பயிற்சியாளர் எலேனியோ எர்ரேரா நேரில் ஹாம்பர்க் வந்து இறங்கினார். ஹோட்டலில் நாள் கணக்காகப் பேச்சு. கிட்டத்தட்ட பத்து லட்சம் மார்க் என்று இன்றைக்கும் சொல்லப்படுகிற தொகை. மாதம் சில நூறு வாங்குகிற 24 வயசுப் பையன், கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் பேச்சு முடிவதற்கு முன்னாலேயே இத்தாலிய மொழி கத்துக்க ஆரம்பிச்சிருப்பேன்.

ஸேலர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் உடனே வயலின் வாசிக்க ஆரம்பித்து விடுவார்கள். பணத்தைத் துச்சமாக மதித்தார், மண்ணை நேசித்தார் என்று. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. ஏனென்றால் ஸேலர் பட்டினி கிடந்து விசுவாசம் காட்டவில்லை. அதே காலகட்டத்தில் அடிடாஸ் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வேலை அவர் கைக்கு வந்தது. வட ஜெர்மனியில் ஊர் ஊராகக் காரில் போய், விளையாட்டுச் சாமான் கடைகளில் ஆர்டர் எடுக்கிற வேலை. நாட்டின் நம்பர் ஒன் ஸ்ட்ரைக்கர் வார நாட்களில் பையில் ஷூ மாதிரிகளோடு கடை ஏறி இறங்கினார். கால் ஓய்ந்த பிறகும் சோறு போடுகிற வேலை அது.

அதாவது அவர் கணக்குப் போட்டார். நமக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு போதும் என்று ஒரு கணக்கு. அந்த "போதும்" ஹாம்பர்க்கிலேயே கிடைத்தது. அதற்கு மேல் மிலானில் கிடைக்கக்கூடியதன் விலை, ஊரையும் வீட்டையும் கூட ஆடுகிறவர்களையும் விட்டுப் போவது. அந்த விலை கட்டுபடி ஆகவில்லை. இது அசட்டுத்தனமும் இல்லை, தியாகமும் இல்லை. தெளிவு.

தெளிவுக்கும் விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் வேண்டாம் என்ற இன்டர் 1963-ல் இத்தாலிய சாம்பியன். 1964, 65 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை. ஸேலர் கையில்? 1960 சாம்பியன் பட்டம், அப்புறம் 1963 ஜெர்மன் கோப்பை (டார்ட்மண்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மூன்று கோலும் இவர்தான்). கிளப்பில் அவ்வளவுதான் கோப்பை. 1968-ல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களுக்கான போட்டியில் இறுதி வரை போய் ஏ.சி. மிலானிடம் 0-2 என்று தோற்றார்கள். ஹாம்பர்க் புண்டஸ்லிகாவை முதல் முறை ஜெயித்தது 1979-ல். ஸேலர் ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து!

அந்த 1968 இறுதி ஆட்டத்தில் மிலான் பக்கம் தடுத்து ஆடியவர்களில் ஒரு ஜெர்மன்காரர் உண்டு. கார்ல்-ஹைன்ஸ் ஷ்னெல்லிங்கர். கொலோனில் ஆடிக்கொண்டிருந்தவர், 1963-ல் இத்தாலிக்குப் போனவர். அவரைத் துரோகி என்பீர்களா? 1969-ல் மிலானோடு ஐரோப்பியக் கோப்பையே ஜெயித்தார். 1970 உலகக் கோப்பை அரையிறுதியில், எந்த நாடு சோறு போட்டதோ அதே இத்தாலிக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் ஜெர்மனிக்குச் சமன் செய்த கோலை அடித்தார். தேசிய அணிக்கு அவர் அடித்த ஒரே கோல் அதுதான். அந்த ஆட்டத்தில் ஸேலரும் அவரும் ஒரே அணி. போனவரும் போகாதவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடித் தோற்றார்கள் (3-4). ஷ்னெல்லிங்கர் இத்தாலியிலேயே தங்கி 2024-ல் அங்கேயே இறந்தார். அவருக்கு "போதும்" அங்கே இருந்தது. அதனால், ஸேலரைப் புகழ்வதற்காகக் கிளம்பிப் போனவர்களை ஏச வேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கு "ஊ... ஊ..." கத்தின கூட்டத்துக்கும் இதேதான்.

சரி, இருந்ததற்கு ஊர் என்ன கொடுத்தது?

1965 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு ஆட்டத்தில் ஸேலருக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. அந்தக் காலத்து வைத்தியத்தில் அது பெரும்பாலும் ஆட்ட வாழ்க்கைக்கு மணி அடிக்கிற விஷயம். அடிடாஸ் முதலாளி அடி டாஸ்லர் அவருக்கென்றே தனியாக ஒரு ஷூ செய்து கொடுத்தார். செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். ஸேலர் இறங்கினார், வெற்றி கோலையும் அடித்தார். 2-1. (பெக்கன்பவர் என்ற இருபது வயசுப் பையனுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம்.) அடுத்த வருஷம் வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் அவர்தான் கேப்டன். தோற்றுத் தலை குனிந்து நடந்து போகும் அவருடைய படம் ஜெர்மனியில் அவ்வளவு பிரபலம். ஜெயித்தவர்களின் படத்தைவிட அதைத்தான் அங்கே மாட்டி வைத்திருப்பார்கள் போல.

2003-ல் ஹாம்பர்க் நகரம் அவரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. ஒரு விளையாட்டு வீரருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுதான் முதல் முறை. 2005-ல் ஸ்டேடியம் வாசலில் சிலை. முழு உருவம் இல்லை சாமி, வலது பாதம் மட்டும், ஆள் உயரத்தையும் தாண்டின வெண்கலப் பாதம்! எல்லாவற்றையும்விடப் பெரிய பட்டம் ஊர் வைத்த செல்லப் பெயர். அந்த வட்டார வழக்கில் "உன்ஸ் ஊவே". தமிழில் சொன்னால் "எங்க ஊவே"கூட இல்லை, "நம்ம ஊவே".

ஆனால் கிளப் அவரை எப்போதும் பூப்போட்டுத் தாங்கியது என்று நினைக்க வேண்டாம். 1995-ல் தலைவர் பதவியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பண விவகாரம் ஒன்று கிளம்பி 1998-ல் பதவி விலகினார். 2018-ல், புண்டஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து கீழே இறங்காத ஒரே கிளப் என்ற பெருமையும் போய், ஹாம்பர்க் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 81 வயசில் அதையும் பார்த்தார். 2022 ஜூலையில் அவர் கண் மூடியபோதும் கிளப் கீழேதான் இருந்தது. திரும்ப மேலே ஏறியது 2025-ல். விசுவாசத்துக்குக் கடைசி சீனில் பரிசு கிடைப்பதெல்லாம் சினிமாவில்தான்.

(நடுவில் ஒரு தமாஷ்: 1978-ல் அயர்லாந்தில் கார்க் செல்டிக் என்ற கிளப்புக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். விளம்பர ஆட்டம் என்று நினைத்துப் போனால், அது நிஜமான லீக் ஆட்டமாம்! 41 வயசில் இரண்டு கோல் அடித்தார், அணி 2-6 என்று தோற்றது. போட்ட "வேறு சட்டை" அது ஒன்றுதான், அதுவும் தெரியாமல்.)

இப்போது நண்பருக்குப் பதில். "கூப்பிட்டா எல்லாரும் போவான்" என்பது தப்பு பாஸ். ஸேலர் போகவில்லை.

ஆனால் இந்தப் பதிவை எழுத எழுத நண்பர் சொன்னதில் பாதி சரி என்றும் உறைத்தது. கதவு திறந்திருக்கும்போது இருப்பதுதான் விசுவாசம். கதவே இல்லாத அறையில் இருப்பதற்கு வேறு பேர். எனக்கும் ஒரு தரம் கதவு திறந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில், ஒன்றரை மடங்கு சம்பளம். போகவில்லை. வீட்டில் "இந்தக் கம்பெனி என்னை வளர்த்துச்சு, விட்டுட்டு எப்படிப் போறது" என்று பெரிய டயலாக் விட்டேன். நிஜம் என்னவென்றால், புது இடத்தில் நம்ம சரக்கு செல்லுபடியாகுமா என்ற பயம். ஸேலர் போட்ட கணக்கில் ஒரு வரிகூட நான் போடவில்லை. பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்து ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. ஆண்டு விழா மேடையில் "நாமெல்லாம் ஒரு குடும்பம், விசுவாசம் முக்கியம்" என்று பேசுகிற மேலாளர்களே, ஸேலர் கதையை நீங்கள் எடுத்துப் பேசாதீர்கள். அவரிடம் யாரும் விசுவாசத்தைக் கேட்டு வாங்கவில்லை, அவராகக் கொடுத்தது. கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் சம்பளப் பாக்கி.

இப்போது என் கணக்கை உட்கார்ந்து போட்டுக் கொண்டிருக்கிறேன். "போதும்" எங்கே வருகிறது என்று பார்க்கிறேன். இதே நாற்காலி என்று வந்தாலும் சரி, இந்த முறை பயந்து உட்காரப் போவதில்லை.

உங்களுக்கும் ஒரு எர்ரேரா வந்திருப்பார். போனீர்களா, இருந்தீர்களா, ஏன்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: அந்த நண்பரும் இதைப் படிப்பார். முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு பாஸ் :-)