விரும்பிப் பூசிக்கொள்ளும் கரி

பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் கடைசி நீராவிப் பயணிகள் ரயிலை ஓட்டியது 1968 ஆகஸ்ட் 11 அன்று. லிவர்பூலில் கிளம்பி, மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் போய்த் திரும்பிய அந்தப் பயணத்துக்குக் கட்டணம் 15 கினி. ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். நீராவி யுகத்தை உடம்பால் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வழியனுப்பு விழாவில் இடம் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற எஞ்சின்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அப்படி வாங்கியவர்களில் ஒருவர் தெற்கு வேல்ஸின் பேரி நகரைச் சேர்ந்த டாய் வுட்ஹாம். அவருடைய ஆட்கள் பழைய சரக்கு வேகன்களை வெட்டுவதில் மும்முரமாக இருந்ததால், எஞ்சின்கள் கடற்காற்றில் துருப்பிடித்தபடி வருடக்கணக்கில் வரிசையாக நின்றன. வந்து சேர்ந்தவை 297. அவற்றில் 213 எஞ்சின்களைச் சாதாரண மனிதர்கள் காசு சேர்த்து மீட்டார்கள். முதலில் வெளியேறியது 1920இல் டெர்பியில் கட்டப்பட்ட 43924. 1968 செப்டம்பரில் அதை வாங்கிக்கொண்டு போனவர்கள், யார்க்‌ஷயரில் கீத்லி முதல் ஆக்ஸன்ஹோப் வரையிலான, மூடப்பட்ட எட்டு கிலோமீட்டர் கிளைப் பாதையை அந்த ஜூன் மாதம்தான் தாங்களாகவே திறந்திருந்த தன்னார்வலர்கள்.

இன்று பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் 20,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த எஞ்சினை முழுக்கப் பிரிப்பார்கள். பாய்லரைச் சட்டகத்திலிருந்து கழற்றுவார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்கள். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்த வேண்டும். நெருப்புப்பெட்டியின் செம்புத் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று அளந்து ஒட்டுப்போட வேண்டும். முடிய பத்து, இருபது வருடங்கள்கூட ஆகும். அதற்குப் பிறகும் பாய்லர் சான்றிதழின் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம்தான். பிறகு மறுபடி பிரிக்க வேண்டும். ஓடும் எஞ்சினுக்கு வேறு வேலை இருக்கிறது: தினமும் நெருப்பைக் கலைத்து, சாம்பலை வாரி, புகைப்பெட்டியில் சேர்ந்த கரியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்ட வேண்டும். தும்மினால் கரி வரும்.

இதைச் செய்பவர்களில் ஆசிரியர்களும் கணக்கர்களும் மென்பொருள் வேலைக்காரர்களும் உண்டு. சம்பளம் கிடையாது. பலர் சந்தா கட்டிச் சேர்கிறார்கள். எஞ்சின் ஓட்ட ஆசைப்படுபவர் யாராக இருந்தாலும் முதலில் கிளீனர். எண்ணெய்த் துணியோடு சக்கரத்துக்கு அடியில் படுத்துத் துடைக்க வேண்டும். பிறகுதான் ஃபயர்மேன், அதற்கும் பல வருடம் கழித்து டிரைவர். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஓய்வுபெற்ற பாய்லர் தொழிலாளி ஒருவர் ரிவெட் அடிக்கச் சொல்லிக் கொடுக்க, முனைவர் பட்டம் வாங்கியவர் பக்கத்தில் நின்று அடிவாங்கிக் கற்றுக்கொள்ளும் இடம் அது. (அடி சுத்தியலால், பெரும்பாலும் தன் கட்டைவிரலில்.) கையால் தொடுபவனுக்கு அறிவில்லை, அறிவுள்ளவன் கையால் தொட மாட்டான் என்று பிரித்து வைத்திருக்கும் சமூகத்திலிருந்து பார்க்கும்போது அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் அதே காட்சி இன்னொன்றையும் சொல்கிறது. கரி ஒரு வேலையை இழிவாக்குவதில்லை. அப்படி ஆக்குமென்றால் இத்தனை பேர் சந்தா கட்டி அதைப் பூசிக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் ஞாயிறு மாலை குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வராமல் இருக்கலாம். கிளீனராகச் சேர்ந்தவர் டிரைவராக உயரலாம். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் அழுக்கு வேலை பொழுதுபோக்காகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிறப்பால் அடைத்து வைக்கும் பிரிவினை என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டது இதைத்தான். மலமள்ளுவதைப் புனிதச் சேவையாகப் போற்றிய காந்தியின் பேச்சை அவர் கடுமையாக எதிர்த்ததன் காரணமும் இதுவே. வெளியேறும் கதவைப் பூட்டிவிட்டு வேலையைப் புகழ்வது ஏமாற்று.

என் தாத்தா ஒரு லோகோ ஷெட்டில் கலாசி. சாம்பல் குழியில் இறங்கி வாரும் வேலை. அவர் எந்தக் காலத்திலும் நீராவி எஞ்சினை அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை என்று அப்பா சொல்வார். தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்ய வந்த பிறகு பழைய எஞ்சின்களின் படங்களைப் பார்த்து நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது படம்.

யார்க்‌ஷயரின் அந்த ஷெட்டுக்கே திரும்புவோம். பாரம்பரிய ரயில்கள் பெரும்பாலும் மீட்டுருவாக்க விரும்புவது 1950கள், 60களை: நிலையப் பலகை, சீருடை, பெட்டியின் நிறம் எல்லாம் அச்சாக அப்படியே. அந்தக் காலத்தில் ரயில்வே வேலையை விட்டு வெள்ளையர்கள் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அழுக்கில்லாத, கூலி கூடுதலான வேலை தொழிற்சாலைகளில் கிடைத்தது. காலியான இடங்களுக்குக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். கீத்லி வட்டாரத்துக் கம்பளி ஆலைகளிலும் அப்படித்தான். இரவு ஷிஃப்டை நிரப்பியவர்களில் மீர்ப்பூரிலிருந்து வந்தவர்கள் பலர்.

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் கறுப்பர்கள் துப்புரவாளராக, உடலுழைப்புத் தொழிலாளியாக வேலை செய்யலாம். பயணிகளை நேரில் சந்திக்கும் வேலைக்கு மட்டும் வர முடியாது. எழுதாத விதி அது. டொமினிக்காவிலிருந்து வந்து கார்டாக வேலை பார்த்த ஆஸ்குவித் சேவியர், 1966இல் அங்கே கார்டு வேலைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டார். இந்தத் தடையைக் காத்ததில் நிர்வாகத்தோடு உள்ளூர் தொழிற்சங்கக் கிளைக்கும் பங்கிருந்தது என்பதை நம் இடதுசாரி நண்பர்கள் கவனிக்க வேண்டும். விஷயம் வெளியே வந்து நாடாளுமன்றம் வரை போன பிறகு தடை உடைந்தது. ஆகஸ்ட் 15 அன்று சேவியர் யூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. 1965இன் இன உறவுச் சட்டத்தில் வேலைவாய்ப்பு இடம்பெறவில்லை. அதைச் சேர்த்த சட்டம் 1968 அக்டோபரில்தான் வந்தது, அந்த 15 கினி ரயில் போய் இரண்டு மாதம் கழித்து. எனவே பாரம்பரிய ரயில் பாதை அச்சாக மீட்டெடுக்கும் நீராவிக் காலம் முழுவதும் வேலையில் நிறவெறி சட்டப்படி செல்லுபடியான காலம். பலகையின் எழுத்துருவைச் சரிபார்க்கும் அக்கறையில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்கலாம். இன்றும் அந்த ஷெட்களில் பெரும்பாலோர் வெள்ளையின ஆண்கள், அதிலும் வயதானவர்கள். புதியவர்கள் வரவில்லையே என்ற கவலை அவர்களுக்கே இருக்கிறது.

நம் பக்கம் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில் இருக்கிறது. அதற்கான நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அது பற்றி நான் படித்த செய்திகளில் ஒரு ஃபிட்டரின் பெயரைக்கூடப் பார்த்ததில்லை. ரயில்வேயின் இன்னொரு அழுக்கைப் பற்றி நம் ரயில் ரசிகர்கள் பேசி நான் கேட்டதும் இல்லை. பெட்டிகளின் கழிவறைகள் நேராகத் தண்டவாளத்தில் கொட்டின. அள்ளியவர்கள் யார் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கையால் மலமள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் பாதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே சட்டம், அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்து அள்ள வைத்தால் அவர் மலமள்ளுபவர் ஆகமாட்டார் என்றும் சொல்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலவரையறை வைத்து இதை ஒழிக்கும்படி ரயில்வேக்கு உத்தரவிட்டது. அந்த வேலைக்குச் சந்தா கட்டி வரும் தன்னார்வலர் எவரும் இல்லை.

சேவியர் 1980இல் இறந்தார். அவர் வாழ்ந்த ஊரான சாத்தமின் ரயில் நிலையத்தில் 2020இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 43924 எஞ்சின் 1970லேயே மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.