ஓடினால்தான் மாதிரி

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிடுகிறவர்கள் மறுவருடம் கூப்பிடுவதில்லை. மேசை மேசையாகப் போய் நான் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "இது ஓடுமா, கண்ணு?" தெர்மாகோலில் வெட்டிய காற்றாலை, சார்ட் அட்டையில் மடித்த கிரேன், நீலத் தாள் ஒட்டிய நீர்மின் நிலையம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். "இது மாடல்ங்க சார், ஓடாதுங்க" என்று பிள்ளைகள் பணிவாகச் சொல்வார்கள். பின்னால் நிற்கும் ஆசிரியர் என்னை முறைப்பார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்; கோயம்புத்தூரில் லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். ஓடாத ஒன்றை இயந்திரத்தின் மாதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது படம். கொஞ்சம் தடிமனான படம், அவ்வளவுதான்.

இந்தப் பிடிவாதத்துக்குத் துணை இங்கிலாந்தில் கிடைத்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்துச் சிற்றூரின் மன்றக் கூடத்தில் மெக்கானோ கண்காட்சி நடக்கிறது என்று மாப்பிள்ளை அழைத்துப் போனார். நம் ஊர்க் கடைகளில் 'மெக்கானிக்ஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டி கிடைக்குமே, துளை போட்ட உலோகப் பட்டைகளும் போல்ட் நட்டும் குட்டி ஸ்பேனரும் வைத்தது? அந்த வகைப் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தது மெக்கானோ. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தன் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டித் துளை போட்டுப் பார்த்து 1901இல் காப்புரிமை வாங்கினார். மெக்கானோ என்ற பெயர் 1907இல் வந்தது. லிவர்பூல் பின்ஸ் சாலையில் 1914இல் எழுந்த அவருடைய தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. வரலாறு இவ்வளவு போதும். விஷயம் அந்தத் துளைகளில் இருக்கிறது. எல்லாத் துளைகளும் அரை அங்குல இடைவெளியில் விழுந்தவை. அந்த ஒரு முடிவை அவர்கள் மாற்றவே இல்லை என்பதால், கொள்ளுத்தாத்தா வாங்கிய பட்டையோடு பேரன் வாங்கிய பட்டை இன்றும் சேருகிறது.

கூடத்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பித்தளைக் கியர்கள் ஒன்றையொன்று கடிக்கும் மெல்லிய கடகடப்பு. ஒரு மேசையில் ரிப்பன் நெய்யும் தறி. இன்னொன்றில் பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் கோலம்போலச் சிக்கலான வளைவுகளைத் தானே போடும் இயந்திரம். 'மெக்கானோகிராஃப்' என்கிறார்கள், கியரை மாற்றினால் கோலம் மாறும். நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கிரேன். கடலில் அலைதடுப்புச் சுவர் கட்டும்போது பெரிய கான்கிரீட் பாளங்களைத் தூக்கி இறக்குமே, அந்த வகை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்பும் இப்படிப் பாளம் பாளமாக இறக்கிக் கட்டியதுதான். 1881ஆம் ஆண்டுப் புயல் அதைப் பிய்த்துப் போட்டது தனிக்கதை. மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். யாரும் எதையும் விற்கவில்லை. கூடத்தின் மூலையில் தேநீரும் கேக்கும் விற்ற அம்மாக்கள் மட்டும் நல்ல வியாபாரம் பார்த்தார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு கடிகாரத்தின் முன்னால். ஊசல், முட்கள், மணியடிக்கும் சுத்தி என எல்லாம் மெக்கானோ. செய்தவர் ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக். நாங்கள் போனபோது கடிகாரம் நின்றிருந்தது. அவர் அதற்குத் துணி போட்டு மூடவில்லை. 'பழுது' என்று அட்டையும் வைக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பார்க்க, பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓடுகிற மாதிரிகளைச் சுற்றி இருந்ததைவிட இந்த நின்றுபோன கடிகாரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் அதிகம்.

நான் ஃபிட்டர் என்று தெரிந்ததும் பேச்சு தானாக வந்தது. நிமிட முள் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. அந்தப் பன்னிரண்டை மூன்றாகவும் நாலாகவும் பிரித்திருந்தார். 19 பல்லும் 57 பல்லும் சேர்ந்தால் மூன்று. 15 பல்லும் 60 பல்லும் சேர்ந்தால் நாலு. முதல் ஜோடியின் பற்களைக் கூட்டினால் 76. மெக்கானோ பல்லின் அளவுக்கு இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே சரியாக ஓர் அங்குலம், அதாவது இரண்டு துளை தூரம் வேண்டும். அழகாகப் பொருந்துகிறது. இரண்டாவது ஜோடியின் கூட்டு 75. ஒரு பல் குறைகிறது, துளையோ அதே ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஏறக்குறைய மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விழுகிறது, கியரில் ஆட்டம் வந்துவிடுகிறது. அதனால் மணி முள் பன்னிரண்டு வரை தயங்கி ஏறும். பன்னிரண்டைத் தாண்டியதும் தன் எடைக்குத் தொப்பென்று முன்னால் சாயும். அவர் அதற்கு முள்ளின் வால் பக்கத்தில் இரண்டு வாஷர் கட்டி எடையைச் சமன் செய்திருந்தார். கணக்கில் வராத ஆட்டத்தைக் கைவேலையால் அடக்குவது. எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

கடிகாரம் நின்றதற்குக் காரணம் வேறு. ஒரே ஷாஃப்ட் மூன்று தகடுகளின் துளைகள் வழியாகப் போகிறது. காரில் ஏற்றிக் கொண்டுவந்ததில் நடுத்தகடு மயிரிழை நகர்ந்திருக்கிறது. அவர் அந்தத் தகட்டின் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தினார். ஷாஃப்டை விரலால் மெதுவாகச் சுற்றினார். தகடு தன் இடத்தைத் தேடிக்கொண்டது. சுற்றிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக, குறுக்கு மறுக்காக, முடுக்கினார். என் பயிற்சிக்கூடத்தில் முதல் வருடப் பையன்களுக்கு நான் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான்: முதலில் கையால் முடுக்கு, சுற்றிப் பார், அப்புறம் ஸ்பேனரை எடு. மேசை ஓரம் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் அவர் ஷாஃப்டைக் கொடுத்து, "முன்னே இருந்த இறுக்கம் இப்போ இருக்கா பார்" என்றார். அவள் சுற்றிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அலைன்மென்ட் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கதை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற இயற்பியலாளர் இருந்தார். அணுவின் அமைப்பைக் கணக்கிடுவது அவர் வேலை. கையால் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் சமன்பாடுகள். அமெரிக்காவில் வன்னவர் புஷ் கட்டியிருந்த டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற கணக்கு இயந்திரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் படத்தைப் பார்த்தாலே மெக்கானோ ஞாபகம் வருகிறது என்று, 1934இல் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரோடு சேர்ந்து மெக்கானோவிலேயே ஒன்றைக் கட்டினார். செலவு ஏறக்குறைய 20 பவுண்டு. பொம்மைதான், ஆனால் உண்மையான ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டது. அதைக் காட்டித்தான் பெரிய இயந்திரத்துக்குப் பணம் புரட்டினார்கள். மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனம் அதை 1935இல் செய்து கொடுத்தது. கேம்பிரிட்ஜிலும் இதேபோல் ஒரு மெக்கானோ அனலைசர் கட்டினார்கள். அது இப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

அந்த இயந்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், சுழலும் ஒரு தட்டின் மேல் ஒரு சின்னச் சக்கரம் ஓரம் தொட்டு நிற்கிறது. தட்டின் உராய்வில் சக்கரம் சுற்றுகிறது. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகம். இதுதான் தொகை காணும் வேலை. ஆனால் அந்தத் தொடுகையில் பிறக்கும் விசை மிகச் சின்னது. ஒரு கியரைத் தள்ளச் சொன்னாலே சக்கரம் வழுக்கிவிடும், கணக்குப் பிழையாகிவிடும். அதற்கு மருந்தாக எதிரெதிர்த் திசையில் ஓயாமல் சுற்றும் இரண்டு உருளைகளில் நூலைச் சுற்றினார்கள். துறைமுகத்தில் கப்பல் கயிற்றை உருளையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் நுனியைப் பிடித்துக் கப்பலை இழுப்பாரே, அதே சங்கதி. சின்னச் சக்கரம் நூலின் நுனியை லேசாக இழுத்தால் போதும், மீதியை உருளையின் உராய்வு பார்த்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் எண்ணெய் விட்டு விரட்டப் பார்க்கும் அதே உராய்வு, இங்கே கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. திரையில் வரைந்து பார்த்திருந்தால் இந்தச் சக்கரம் எங்கே வழுக்கும் என்று தெரிந்திருக்குமா? தெரியாது. திரையில் எல்லாமே சுற்றும்.

அதுதான் என் வழக்கு. ஒரு பொறியியல் கல்லூரிக்கு விருந்தினராகப் போனபோது இறுதியாண்டு மாணவர்கள் கணினியில் ஒரு கியர்பெட்டியைச் சுற்றிக் காட்டினார்கள். வண்ணம், நிழல், வேகம் எல்லாம் அபாரம். இரண்டு ஷாஃப்டையும் ஒரு தகட்டையும் கையில் கொடுத்து, பிடித்துக்கொள்ளாமல் சுற்றும்படி மாட்டுங்கள் என்றேன். மதியச் சாப்பாடு வரை போராடினார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. இறுக்கமும் ஆட்டமும் விரலுக்குத் தெரிய வேண்டியவை. விரலுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. 1996இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாரி குரோட்டோ இதையே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: மரை நசியாமல், நட்டு கழலாமல், போதுமான அளவு முடுக்கும் பக்குவம் மெக்கானோவில் வரும், பிளாஸ்டிக் கட்டைகளில் வராது என்பது அவர் கட்சி. பிளாஸ்டிக் கட்டைகள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. மற்றபடி அவரோடு நிற்கிறேன்.

செக் நாட்டின் ஓட்டோ விக்டர்லேயையும் சாட்சிக்கு அழைக்கலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸை 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டுச் சமையலறையில், 'மெர்க்குர்' என்ற அந்த நாட்டு உலோகப் பெட்டியின் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழற்றி வார்த்தெடுத்தவர் அவர். கண்ணில் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் அந்தப் போல்ட் நட்டை நினைக்கலாம், தப்பில்லை.

"இதெல்லாம் கிழவர்களின் பொழுதுபோக்கு, இப்போது ரோபாட்டிக்ஸ் வந்துவிட்டது" என்று என் முன்னாள் மாணவர்களே சொல்கிறார்கள். கிழவர்களுடையது என்பது உண்மை. பிரான்சின் கலே நகரில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையை மூடப்போவதாக 2023இல் அறிவித்தபோது வருந்தியவர்களிலும் நரைத்தவர்கள்தான் அதிகமாக இருந்திருப்பார்கள். ரோபாட்டிக்ஸ் பெட்டியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு தருகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார், மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் வருகின்றன. வரட்டும். ஆனால் நான் பார்த்த கூடங்களில் பையன்கள் நிரலை எழுதிவிட்டு, ரெடிமேடாக வந்த சட்டத்தில் மோட்டாரை மாட்டிவிட்டு, அது கோணலாக ஓடினால் நிரலைத் திருத்துகிறார்கள். அச்சு கோணல் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கோவையிலும் திருப்பூரிலும் மில்லிலும் பட்டறையிலும் நாற்பது வருடம் உழைத்து ஓய்ந்த ஃபிட்டர்கள், டர்னர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சாயங்காலம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறவர்கள். இவர்களை வருடத்துக்கு ஒருநாள் அரசு ஐ.டி.ஐ. கூடத்தில் ஆளுக்கொரு மேசை கொடுத்து உட்கார வையுங்கள். நெய்கிற தறி, நூற்கிற கதிர், தண்ணீர் இறைக்கிற பம்ப் என்று எது தெரியுமோ அதைச் சின்னதாகச் செய்து ஓட்டிக் காட்டட்டும். இரண்டே நிபந்தனை: எதையும் மூடி வைக்கக் கூடாது, நின்றுபோனால் பிள்ளைகள் முன்னாலேயே பிரிக்க வேண்டும். பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊரில் நடக்கும் பெரிய மெக்கானோ கண்காட்சியைப் பாருங்கள். அங்கே சிறந்த மாதிரிக்குத் தரும் கேடயம், மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பெயரில் இருக்கிறது. அவரும் மெக்கானோப் பித்தர்தான். நம் கேடயத்துக்கு வைக்க, கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பெயர் இருக்கிறது.

பாகங்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். வெளிநாட்டுப் பெட்டி விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது, வாங்கவும் வேண்டாம். துளை போட்ட பட்டை என்பது ஒரு பிரஸ், ஒரு டை, கொஞ்சம் தகடு. எந்த ஐ.டி.ஐ.யிலும் டூல் அண்ட் டை பிரிவுப் பையன்கள் பயிற்சிக்காக அடித்துத் தள்ளிவிடுவார்கள். எப்படியும் எதையாவது அடித்துக் குப்பையில்தான் போடுகிறார்கள். துளை இடைவெளியில் மட்டும் எனக்கு ஒரு கட்சி உண்டு. மெர்க்குரில் இருப்பதுபோல 10 மில்லிமீட்டர் வைத்தால் கணக்குச் சுலபம் என்று இளைய பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். நான் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர் என்பேன். நூறு வருடத்துக் கியர்கள் அந்த அளவுக்குத்தான் கிடைக்கின்றன, அந்த ஒரு பல் குறைகிற ஜோடி உட்பட.