'எப்படி வீடு வேணும்?' என்று கேட்டால்...

நம் தோழர் ஒருவரின் அம்மா முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். எத்தனையோ மாடி வீடுகளுக்குச் செங்கலும் கலவையும் தலையில் சுமந்தவர். மகனுக்கு வேலை கிடைத்த பிறகு, காலனி மனையில் வீடு கட்ட முடிவெடுத்து, டவுனில் இருக்கும் ஒரு வீட்டு வடிவமைப்பாளரைப் பார்க்கப் போனார்கள். "எப்படி வீடு வேணும்?" என்று அவர் கேட்டார். அம்மா மகன் முகத்தைப் பார்த்தார். மகன் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வந்த வரைபடத்தில் அம்மாவுக்கென்று எதுவும் இல்லை. யாரும் கேட்காத பூஜை அறை மட்டும் ஈசான மூலையில் இருந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எப்படி வீடு வேண்டும் என்று நம்மை இதுவரை கேட்டது யார்? பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை வந்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடு என்றால் கொடுப்பதை வாங்கிக்கொள்வது என்று நாமும் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, வீட்டின் அகலத்தைப் பிராமணருக்கு 32 முழத்தில் தொடங்கி, வருணம் இறங்க இறங்க நான்கு நான்கு முழமாகக் குறைத்து, கடைசியில் வைக்கப்பட்டவருக்கு 16 முழம் என்கிறது. சாதி நம் தெருவை மட்டும் பிரிக்கவில்லை, சுவரையும் அளந்து வைத்திருக்கிறது. ஆகவே "வாஸ்துப்படி இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், காற்று எந்தப் பக்கம், மேற்கு வெயில் எங்கே விழும், மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று திருப்பிக் கேட்போம். மூலை பார்க்க அந்தக் காரணங்கள் போதும்.

தோழர்களே, முதல் சந்திப்புக்குப் போகும் முன் நாம் செய்ய வேண்டியவை இவை.

முதலில் காகிதம். பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டாக்கள் பல, கிராமக் கணக்கில் ஏறாமலே கிடக்கின்றன. அது ஏறாவிட்டால் வங்கிக் கடனும் நிற்கும், கட்டட அனுமதியும் நிற்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தாலுகா ஆபீசில் அந்த வேலையை முடிப்போம்.

அடுத்து அளவு. மூன்று சென்ட் என்றால் சுமார் 1,306 சதுர அடி. பட்டாவில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று நாமே டேப் பிடித்துப் பார்ப்போம். தெருவின் அகலம், மரம், மின்கம்பம், பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறிப்போம்.

மூன்றாவது ஒரு நோட்டு. விடியற்காலை முதல் ராத்திரி வரை வீட்டில் யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதுவோம். அம்மா, ஆயா, தங்கச்சி என்று பெண்களிடம் தனித்தனியாகக் கேட்போம், ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது. பரீட்சை நேரத்தில் டிவி சத்தம் கேட்காத மூலை எது? ஆயா படி ஏறுவாரா? ஆடு எங்கே கட்டுவது? ஒரு சாவு விழுந்தால் உறவுக்காரர்கள் நிழலில் உட்கார இடம் உண்டா? அண்ணல் அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது, தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

நான்காவது பணம். கையில் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு தாங்கும் என்பதை வெட்கப்படாமல் சொல்வோம். பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அஸ்திவாரமும் தூணும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

கடைசியாக, நாம் கேட்க வேண்டிய கேள்விகள். கட்டணம் சதுர அடிக்கா, மொத்தச் செலவில் சதவீதமா? கம்பி கட்டும் வரைபடமும் அதில் சேருமா? எத்தனை முறை சைட்டுக்கு வருவீர்கள்? 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டிருந்தால் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குவோம். மனை காலனியில் என்று தெரிந்ததும் "உங்களுக்கு இது போதும்" என்று பேச்சு மாறினால், எழுந்து வந்துவிடுவோம். நம் காசுக்கு வேறு ஆள் கிடைப்பார்.

அந்த அம்மாவோடு இரண்டாவது முறை நாமும் போனோம். இந்த முறை நோட்டு அவர் மடியில் இருந்தது. "அடுப்பு மேடை என் உயரத்துக்கு இருக்கணும். வாசல்ல பத்துப் பேர் உட்கார நிழல் வேணும். பூஜை ரூம் வேணாம், அந்த இடத்துல பொண்ணு படிக்கட்டும்" என்றார். அப்புறம், "தூணுக்குக் கம்பி எத்தனை எம்எம் போடுறீங்க?" என்று கேட்டார். வடிவமைப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

ஊர் வீடுகளை எல்லாம் கட்டியது நம் கைகள். நம் வீட்டைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு எப்படித் தெரியாமல் போகும்? சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். காலனியில் வீடு கட்டப் போகும் ஒரு குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.

ஜெய் பீம்!